தோய்க்க முதல்

ஞாயிறு காலை, கிணற்றடி.
இவருடைய லோங்ஸைக் கல்லில் போட முதல்
ஒவ்வொரு பொக்கற்றாய்க் கைவிட்டு
வெறுமையாக்குவது என் வேலை.
மீன் வயிறு கழுவுவதைப் போலத்தான்,
உள்ளே என்ன கிடக்குமென்று கைக்குத் தெரியும்.

வலப்பக்கம்
விரலளவில் ஒரு ரோச்,
பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டியில் மிஞ்சிய விசில்,
சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இறப்பர் வளையங்கள்.
எதையும் கட்டலாமாம்.
கொளுத்தினால் மழையிலும் எரியுமாம்.
இடப்பக்கம் ஜீவனி ஒரு பக்கெற், பனடோல் இரண்டு,
எட்டாய் மடித்த ஆயிரம் ரூபாய்,
பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைப் பிரதி.
பின்னால்,
தையல்காரர் சிரித்துச் சிரித்து வைத்துக்கொடுத்த
ஐந்தாவது பொக்கற்றில்
நூல் சுற்றிய ஊசி, பாதி பிளேட்,
மெழுகில் தோய்த்தெடுத்த நெருப்புக்குச்சி ஒன்பது,
ஒரு துண்டு பனங்கட்டி.
பனங்கட்டிக்கு எறும்பு வரும்.
மற்றதுகளுக்கு ஒருவரும் வருவதில்லை.

சங்கானைத் தபாற்கந்தோரில்
முத்திரை விற்கிற மனுசனுக்கு
என்னத்துக்கு இதெல்லாம்?
வீட்டிலிருந்து கந்தோர் இரண்டு கட்டை.
இடையில் காடில்லை. மலைக்கு
யாழ்ப்பாணத்தில் எங்கே போக!
ஒரு வாசிகசாலை, மதவடி, தவறணை, பிறகு சந்தி.
தொலைந்துபோவதென்றாலும்
நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் தொலைய வேண்டும்.
கேட்டால்,
"கிடக்கட்டுமன், பாரமே?" என்பார்.

கந்தோரில் இவருக்குப் பட்டம் பலசரக்கு.
செருப்பு வார் அறுந்தால்
பலசரக்கைத் தேடித்தான் வருவார்கள்.
நான் கண்ட ஆபத்து அவ்வளவும்தான்.

பயந்த மனுசன் என்று என் தம்பி சொன்னான்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்,
கனடாவிலிருந்து வந்த மச்சாள் மாதுமை
ஒரு மத்தியானம்
கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொல்லும்வரை.

தொண்ணூற்றாறோ ஏழோ.
அதே மதவடி, அப்போது அங்கே சென்றி.
இவருடைய பொக்கற்றில் பென்பற்றரி இரண்டு.
செத்த பற்றரிதான்,
வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும்,
ஒரு பாட்டு, பாதிச் செய்தி.
என்னத்துக்கு என்று கேட்டார்களாம்.
பாட்டுக் கேட்க என்பதற்கு
அவர்களுடைய மொழியில் இவரிடம் சொல் இல்லை.
பின்னேரம்வரை முழங்காலில்.
பற்றரிக்கு ஏறவேண்டிய வெயிலெல்லாம்
இவருக்கு ஏறியது.

அதற்குப் பிறகு பல வருசம்
அட்டையைத் தவிர ஒன்றும் கொண்டுபோனதில்லையாம்.
லேஞ்சிகூட இல்லை.
ஒரு பொக்கற்றைத் தானே தைத்து மூடினாராம்.

சென்றி எடுத்த வருசம் ஊசி வந்தது.
மறுவருசம் நூல்.
விசில் எப்போது வந்ததென்று தெரியாது,
ஊதி நான் கேட்டதில்லை.
ரோச்சுக்கு இன்னும் நாலு வருசம்.
பற்றரி போட்ட ரோச்.
கடையிலிருந்து அதை
கையில் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார்,
மதவடி தாண்டித்தான் உள்ளே வைத்தார்.

நான் இப்போது
என்னத்துக்கு என்று கேட்பதில்லை.

போன ஞாயிறு மழை இருட்டு, எனக்கு அந்தரம்.
ஐந்தாவது பொக்கற்றை மறந்துபோனேன்.
சவர்க்காரம் போட்டு, அடித்து, அலசி,
பிழியும்போதுதான் ஊசி குத்தியது.
பனங்கட்டி கரைந்துவிட்டது.

இவர் ஏசவில்லை.
மழை விலகி வெயில் எறிக்க
ஒன்பது குச்சியையும் மதிலில் அடுக்கினார்.
காகம் வராமல் பக்கத்தில் நின்றார்.
பின்னேரம் என்னைக் கூப்பிட்டு
குசினிப் பெட்டியில் ஒன்றை உரசினார்.
பற்றவில்லை.
மறுபக்கம் திருப்பி உரசினார்.
பற்றியது.
உருகிய மெழுகின் மணம்.
கணக்குச் சரிவந்த பிள்ளையின் முகம்.
விரல் சுடும்வரை விடவில்லை.

ஏழைத் திரும்பச் சுற்றி வைத்தார்.
மிஞ்சிய ஒன்றை என்னிடம் நீட்டினார்.
என் உடுப்பில் எங்கே பொக்கற்?
கொண்டையில் செருகிக்கொண்டேன்.

அன்றிரவு கரண்ட் நிற்கவில்லை.
நின்றாலும் நிற்குமென்று
இரண்டு பேரும் கொஞ்சநேரம்
லைற்றைப் பார்த்தபடி இருந்தோம்.